மூன்று செவ்வாய்க்கிழமைகள்

முழங்கால் தேய்ந்தவர்களுக்குக் கோல்கீப்பர் வேலையைப் போல வசதியான வேலை வேறில்லை. எங்கள் ஆட்டம் நடைக் கால்பந்து. அறுபதைத் தாண்டியவர்கள் ஆடுவது. ஓடக் கூடாது, ஓடினால் நடுவர் விசில் ஊதிவிடுவார். பந்து தலைக்கு மேல் எழும்பக் கூடாது. அதனால் நான் எங்கும் தாவ வேண்டியதில்லை. குனியத் தெரிந்தால் போதும். குனிந்த பிறகு நிமிரவும் தெரிந்தால் நல்லது.

நீங்கள் விசாரித்துக்கொண்டிருப்பது அந்த நர்ஸைப் பற்றி என்று தெரியும். முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன்.

என்னை மைதானத்துக்கு அழைத்துப் போனவன் என் மச்சினன், என் மனைவியின் தம்பி. தையல்காரன். அவள் இறந்துபோன பிறகு ஐந்து மாதம் நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவன் வந்து கதவைத் தட்டினான். கையில் ஒரு மஞ்சள் சட்டை. முதுகில் ஒன்றாம் எண்ணை அவனே தைத்திருந்தான்.

"கோலுக்கு ஆள் இல்ல அத்தான். நீங்க வாங்க."

"எனக்கு இந்த ஆட்டமெல்லாம் தெரியாது மாப்ளே."

"அங்க மட்டும் யாருக்குத் தெரியுது? எல்லாம் பேரன் பேத்தி எடுத்தவனுங்க."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கும் சிரிப்பு. என் மனைவி அப்படித்தான் சிரிப்பாள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அதன் பிறகு நான்கு வருடம், ஒரு செவ்வாய்க்கிழமையும் தவறியதில்லை. அவனுக்குக் குழுவில் எக்ஸ்பிரஸ் என்று பெயர். பந்தைக் கண்டால் வயது மறந்து ஓடிவிடுவான், விசில் வாங்குவான். ஆட்டம் முடிந்து பெஞ்சில் உட்கார்ந்து, பிளாஸ்கில் கொண்டுவந்த டீயைக் குடிப்போம். வாங்கிய விசில்களைப் பற்றி அவனே சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அந்த அரைமணி நேரம் என் வீட்டில் ஆள் இருப்பது போலிருக்கும். இதை நான் அவனிடம் சொன்னதில்லை.

போன வருடக் கடைசியில், எல்லோரும் இதயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று குழுவில் முடிவானது. அவனுக்குப் போனில் பேசினால் சரியாகக் காது கேட்காது. அதனால் மருத்துவமனையில் என் நம்பரைக் கொடுத்தான். அங்கிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னான்.

"ஆட வேணாம்னு சொல்லிட்டா நான் பொண்ணு வீட்டுக்கே போயிடுவேன் அத்தான். ரெண்டு வருஷமா கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. ஆட்டமும் இல்லன்னா அப்புறம் எனக்கு இங்க என்ன இருக்கு?"

அவன் மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அந்த நர்ஸ் போன் செய்தார். நிதானமாகத்தான் பேசினார். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு அதிகம் இருக்கும்போலத் தெரிகிறது, இன்றைக்கே அழைத்து வாருங்கள், விளையாடவே கூடாது, மாடிப்படிகூட ஏற வேண்டாம் என்றார். சரியாகக் கேட்டதா என்று உறுதி செய்துகொள்ள, என்னையே ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

அன்று அவனிடம் சொல்லவில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஆட்டம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

நான் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக். வடத்தில் நாலு இழை அறுந்திருந்தாலும் அந்த நிமிடமே லிஃப்டை நிறுத்திப் பலகை மாட்டிவிடுவேன். ஒன்பதாவது மாடிக்காரர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். கண்டுகொள்ள மாட்டேன். என் கையில் ஒரு உயிர்கூடப் போனதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சொல்லவில்லை என்று சொன்னேன். அது முழு உண்மை இல்லை. அந்த முதல் செவ்வாய்க்கிழமை, ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டே அவன் கேட்டான்.

"ரிசல்ட் வந்துச்சா அத்தான்?"

"வந்துச்சு மாப்ளே. ஒண்ணும் இல்லயாம். ஆடலாமாம்."

அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் லீவு விட்ட மாதிரி. அன்று இரண்டு கோல் போட்டான். டீ குடிக்கும்போது இடது தோளை நீவிக்கொண்டிருந்தான். மெஷின் மிதித்த உடம்பு, வலிக்காமல் என்ன செய்யும் என்றான். ஆமாம் என்றேன்.

இரண்டாவது வாரம் நர்ஸ் மறுபடி கூப்பிட்டார்.

"ஏன் சார் இன்னும் கூட்டிட்டு வரல? டாக்டர் கேட்டுக்கிட்டே இருக்கார்."

"வேற பெரிய ஆஸ்பத்திரியில காட்டிட்டோம்மா. அங்கயே பார்க்கறாங்க."

"அப்படியா? நல்லது சார். இப்பதான் நிம்மதியா இருக்கு."

அதற்கப்புறம் அவர் கூப்பிடவில்லை. என்னை நம்பி, பதிவேட்டில் எதுவும் எழுதாமல் விட்டுவிட்டார். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை. பந்து என் கையில் இருந்தது. கோல்கீப்பர் பந்தைத் தரையோடு உருட்டித்தான் விட வேண்டும். நடுக்கோட்டுப் பக்கம் அவன் கையைத் தூக்கி நின்றான். கொஞ்சம் முன்னால் தள்ளி உருட்டினேன். எட்டிப் பிடிக்க வேகமாக நடந்தான். நாலு அடி ஓடவும் செய்தான். விசில் கேட்டது. அதற்குத்தான் நின்றான் என்று எல்லோரும் நினைத்தார்கள். பிறகு மண்டியிட்டான். பிறகு முகம் தரையில் பட விழுந்தான்.

எல்லோரும் ஓடினார்கள். முட்டி மாற்றியவர், இடுப்பில் பெல்ட் கட்டியவர், நடுவர் உட்பட எல்லோரும். கோல்கீப்பர் தன் கட்டத்தை விட்டு வெளியே வரக் கூடாது என்பது இந்த ஆட்டத்தின் விதி. நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று அந்த மைதானத்தில் விதியை மீறாதவன் நான் ஒருவன்தான்.

யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். போவதற்கு அவசரம் இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அவன் மகள் வந்து என் மார்பில் சாய்ந்து அழுதாள். "ஆஸ்பத்திரியில எதுவுமே சொல்லலியா மாமா?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றேன். அந்த நேரத்தில் வேறு எந்தப் பதிலும் அவளைக் கொன்றிருக்கும். அவள் புகார் கொடுப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நர்ஸை வேலையிலிருந்து நிறுத்தி வைப்பார்கள் என்றும் எதிர்பார்க்கவில்லை.

போன மாதம் அவர் என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நான் போன் பண்ணேன்ல சார்? உங்களையே திருப்பிச் சொல்லச் சொன்னேன்ல? தூக்கத்துலகூட அதைத்தான் யோசிக்கறேன். ஒருவேளை நான்தான் பண்ணாம விட்டுட்டேனோன்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு."

"ஞாபகம் இல்லம்மா. வயசாயிடுச்சு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தார். வெளியே போய் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னொன்றை மாட்ட மறந்து சிறிது நேரம் அப்படியே நின்றார். அதனால்தான் இன்று நானே வந்தேன். பிறர் குடியைக் கெடுப்பவன் இல்லை நான்.

எழுதிய வரைக்கும் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை அவன் மகள் என்னைப் பார்க்க வருகிறாள். ஒரு வாரம் தங்குவாள். அப்பாவுக்குச் செய்ய முடியாமல் போனதை உங்களுக்காவது செய்கிறேன் மாமா என்று சொல்லியிருக்கிறாள். அவள் திரும்பிப் போன பிறகு இதை அவளிடம் சொல்லுங்கள். நர்ஸம்மாவிடமும் அப்போதே சொல்லிக்கொள்ளலாம். ஒரு வாரம்தானே, அதற்குள் யாருக்கு என்ன ஆகிவிடப்போகிறது.