ஷாமினியின் இடது கை

முதுகைக் கொஞ்சம் சாய்த்து உட்கார்ந்துகொள்கிறேன், இன்ஸ்பெக்டர். பதினாறு வயதிலிருந்து அரிசி மூட்டை தூக்கிய இடுப்பு. மழைக்காலத்தில் உட்கார்ந்தாலும் வலிக்கும், நின்றாலும் வலிக்கும். அந்த வலி மறக்கிற நேரம் ஒன்றுதான். வேலை முடிந்து கிள்ளானுக்குப் போகும் கொமுட்டர் ரயிலில் ஏறி, போனை எடுத்து எழுத ஆரம்பிக்கும் நேரம்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மளிகைக் கடையின் ஸ்டோரில் மூட்டை இறக்குகிறேன். முதலாளி என்னை டேய் என்பார். ஃபேஸ்புக்கில் நான் ராம் அண்ணே. புடவைக் கடையும் வாழையிலைச் சாப்பாடும் முன்தெருவில் இருக்கின்றன. கதை பின்சந்தில்தான் கிடக்கிறது. தட்டு கழுவிக்கொண்டே வீடியோ காலில் மகளுக்குத் தாலாட்டு பாடும் பங்களாதேஷ்காரன், மோனோரயில் தூணோடு சண்டை பிடிக்கும் கிழவி, இப்படிப்பட்டவர்களை எழுதினேன். ஆயிரக்கணக்கில் படித்தார்கள். பூச்சோங்கில் மலர்விழி என்றொரு டீச்சர். "உங்க எழுத்துல மட்டும்தான் பொய் இல்ல அண்ணே" என்று ஒவ்வொன்றின் கீழும் போடுவார். அதைப் படித்த பிறகுதான் நான் சாப்பிடுவேன்.

ஸ்டோருக்கு எதிரே கமலநாதனின் தேங்காய்ப்பால் கடை. அவர் துருவுவார், மனைவி ஷாமினி சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து பால் பாக்கெட்டைக் கட்டுவாள். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். ஒருநாள் கை கழுவும்போது இடது கைச் சட்டை மேலே ஏறியது. முழங்கைக்கு மேலும் கீழும் நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப் போயிருந்தது.

காயத்தைப் படிக்க எனக்குத் தெரியும். ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவன். அப்பாவின் கையை அம்மாவின் உடம்பில் பார்த்து வளர்ந்தேன். எது விழுந்த காயம், எது அடித்த காயம் என்று தூரத்திலிருந்தே சொல்வேன். அதனால் யாரையும் கேட்கவில்லை.

படம் எடுத்தேன். முகத்தை மறைத்துவிட்டேன், சிவப்பு நாற்காலியை மறைக்கவில்லை. புருஷன் குடித்துவிட்டு அடிப்பதாக எழுதினேன். கதைக்கு ஒரு காரணம் வேண்டுமல்லவா. இரண்டு நாளில் சனம் கடையைக் கண்டுபிடித்துவிட்டது. ஒருவன் துருவிய தேங்காயில் காறித் துப்பினான். யாரோ மெஷினைக் கவிழ்த்தார்கள். கமலநாதனுக்கு உதடு கிழிந்தது. அதையும் எழுதினேன். அதைத்தான் நிறையப் பேர் பகிர்ந்தார்கள்.

பிறகு, எழுதியது நான்தான் என்று தெரிந்து இருவரும் ஸ்டோருக்கு வந்தார்கள். ஷாமினி தானாகவே சட்டையை மடித்துக் கையை நீட்டினாள்.

"தொட்டுப் பாருங்க அண்ணே."

தொட்டேன். தோலுக்கு அடியில் நரம்பு மோட்டார் போல அதிர்ந்துகொண்டிருந்தது. கிட்னி போய்விட்டதாம். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்காக நரம்பை ஒட்டவைத்த கை அது; ஊசி தவறினால் இரத்தம் தோலுக்குள் பரவிக் கன்றிவிடும். சீக்காளி கை பட்ட பாலை யார் வாங்குவார்கள் என்றுதான் மறைத்திருக்கிறாள்.

"என் சீக்கப் பத்தி எழுதாதீங்க. இவரு என்னை அடிக்கலன்னு ஒரே ஒரு வரி போடுங்க. போதும் லா."

எழுதுகிறேன் என்றேன். கமலநாதன் கிழிந்த உதட்டோடு என்னைக் கும்பிட்டார்.

கொமுட்டரில் அந்த வரியைத் தட்டினேன், அழித்தேன். மறுபடி தட்டினேன். அதற்குக் கீழே மலர்விழி டீச்சர் என்ன போடுவார் என்று நினைத்துப் பார்த்தேன். முதுகு வலிக்க ஆரம்பித்தது. போனை அணைத்துவிட்டேன்.

அடுத்த வாரம், நல்ல மழை. ஸ்டோரில் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கமலநாதன் தனியாக வந்தார். அவர் கோபப்படவில்லை, அதை நான் சொல்லியாக வேண்டும்.

"நீங்க எழுதலன்னா பரவாயில்ல அண்ணே. நானே லைவ் போயிடறேன். ஷாமினி சரின்னுட்டா. கையையும் காட்டறேன்னு சொல்றா."

என் கையில் மூட்டைக் கொக்கி இருந்தது. வேலை நேரத்தில் எப்போதும் இருப்பதுதான். மூட்டையை எங்கே குத்தினால் கிழியாது என்பது தெரிந்தவனுக்கு, எங்கே குத்தினால் கிழியும் என்பதும் தெரியும். அவர் போனைத் திறக்கத் தலையைக் குனிந்தார். காதுக்குக் கீழே மாட்டி இழுத்தேன். விழுந்தவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு மணிக்கு அவள கூட்டிட்டுப் போவணும்" என்றார். சத்தத்தைவிட இரத்தம்தான் அதிகம் வந்தது. அவர் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் இன்னும் சில முறை குத்தினேன். மூட்டையை இழுப்பதுபோல இழுத்துக்கொண்டுபோய் அரிசி அடுக்குக்குப் பின்னால் போட்டேன். ஆள் கனமில்லை. தரையைக் கழுவ மழைத் தண்ணீரே போதுமானதாக இருந்தது.

வெளியே வந்தபோது ஷாமினி டயாலிசிஸுக்குப் போகும் பையோடு கடை வாசலில் நின்றிருந்தாள்.

"அண்ணே, இவர பாத்தீங்களா?"

மோனோரயில் பக்கம் போனார் என்றேன். அவள் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணி தாண்டியது. நான் கூட்டிப்போகட்டுமா என்று கேட்டிருக்கலாம். ஆனால் எனக்கு முடிவை எழுத வேண்டியிருந்தது.

அடித்தவன் ஓடிவிட்டான், அவள் தப்பித்தாள் என்று எழுதினேன். என் எழுத்திலேயே அதைத்தான் அதிகம் பேர் படித்தார்கள். மறுநாள் காலை லோரி வந்தது; சரக்கு ஏற்ற அரிசி அடுக்கைப் பிரித்தார்கள். உங்கள் ஆட்கள் வந்தார்கள். ஷாமினியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக நீங்கள்தான் சொன்னீர்கள். பிழைப்பாளா என்று கேட்டேன்; நீங்கள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள்.

கமலநாதனைக் கொன்றது நான்தான். அதற்கு உண்டானதைச் சட்டம் என்னிடம் வாங்கிக்கொள்ளும். என் போனை மட்டும் கொஞ்சம் கொடுங்கள், இன்ஸ்பெக்டர். இனி நான் எதை எழுதினாலும் சனம் நம்பும், நேரில் பார்த்தவன் அல்லவா. டீச்சர் வேறு காத்திருப்பார். இந்த முறை அந்த வரியை எங்கே வைக்கலாம், முதலிலா கடைசியிலா என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கமலநாதன் தன் மனைவியை அடித்ததே இல்லை. ஷாமினிக்கு நான் கொடுக்க வேண்டியது அந்த ஒரு வரி. அது இன்னும் பாக்கி.