படத்தில் அவள் சாகவில்லை

எங்கள் தீவில் கராச்சர்மாவிலிருந்து டவுனுக்குப் போகிற பஸ் அன்றைக்கும் தாமதம். எரிச்சலோடு கம்பியைப் பிடித்து நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜஹாஜ் என்று நாங்கள் சொல்லும் கப்பலில் வரும் வாரப் பத்திரிகையிலிருந்து ஒரு காதல் தொடர்கதையைக் கிழித்துத் தைத்து, மாற்றி மாற்றிப் படித்தவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"அந்தக் கதையைப் படமா எடுத்துக் கெடுத்துட்டாங்கக்கா. முடிவுல அவ சாகவே இல்லை. மாலையும் கழுத்துமா நிக்கிறா," என்றாள் இளையவள். ஊருக்குப் போனபோது மெட்ராஸில் பார்த்தாளாம்.

மூத்தவள் சட்டென்று திரும்பினாள். "சாகலையா? நல்லாப் பாத்தியா?"

"கடைசி வரைக்கும் இருந்தேன்க்கா."

"எங்க வீட்டுக்காரர் போன ஜஹாஜுலதான் மெயின்லேண்டுல இருந்து வந்தாரு. அங்க ஒரு நாள் ராத்திரி வெளிய போனது அந்தப் படத்துக்குத்தான்னாரு. அவ சாகற இடத்துல அழுதுட்டேன்னாரு."

"கதையிலதானே சாவா?"

"கதையைப் படிச்சுக் காட்டினதே நான்தான்."

இளையவள் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "பாதியில தூங்கியிருப்பாருக்கா."

"தூங்கினவருக்கு அழுகை எங்கிருந்து வந்துச்சு?"



"நேரா கேட்டுட வேண்டியதுதானே?"

"கேட்டா வேற கதை சொல்லுவாரு. படப்பெட்டி இந்த ஜஹாஜுல வந்திருச்சு. இன்னிக்குக் கொட்டகையில போடறான். அவரை ஆபீஸ் வாசல்ல நிக்கச் சொல்லியிருக்கேன். நீ வாயைத் திறக்காதே, சம்ஜீ? புரிஞ்சுதா?"

"முடிவு தெரிஞ்சப்புறம் என்னத்தைப் பாப்பீங்க?"

"அவர் முகத்தை."