முதல் பீஸ்

மேடம், கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்றால் ஒன்று சொல்லட்டுமா? உங்களுக்குத் தூக்கம் போதவில்லை. கண்ணுக்குக் கீழே லேசாகக் குழி விழ ஆரம்பித்திருக்கிறது. கவலைப்பட ஒன்றுமில்லை, ஸ்டேஷன் வேலைக்கு இதுகூட இல்லாவிட்டால் எப்படி. யாரைப் பார்த்தாலும் எனக்கு முதலில் அங்கேதான் பார்வை போகும். பழக்கதோஷம்.

எழுதிக்கொள்ளுங்கள். பெயர் செல்லக்கனி. சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். ஒரகடத்தில் கார் ஹெட்லைட் செய்யும் கம்பெனியில் வேலை. பிள்ளைப்பாக்கத்தில் தாயாரம்மாள் வீட்டு மாடியில் ஓர் அறை. அந்த அறையில் என்னோடு இருந்தவள்தான் சந்திரலேகா. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண், என் கம்பெனியிலேயே வேலை, என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவளுக்கு நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள். மறைக்க ஒன்றுமில்லை. சமைத்துப் போட்டேன், தலை பின்னிவிட்டேன், ஊசியும் போட்டேன்.

எங்கள் லைனில் என் வேலை, ஹெட்லைட்டுக்குள் தண்ணீர் இறங்காமலிருக்க அதன் விளிம்பைச் சுற்றி ஊசிமுனையால் ஜெல் விடுவது. கை நடுங்கக் கூடாது, நடுவில் குமிழி வரக் கூடாது. புதிதாகச் சேரும் பிள்ளைகளை சூப்பர்வைசர் சாம்சன் என்னிடம்தான் அழைத்துவந்து நிறுத்துவார். ஷிப்ட் தொடங்கியதும் முதலில் செய்யும் விளக்கு வண்டிக்குப் போகாது. அதைக் குவாலிட்டிக்காரர்கள் வாங்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் முக்குவார்கள், சூட்டில் வைப்பார்கள். அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் அடுத்ததில் கை வைக்கலாம். அதற்கு முதல் பீஸ் என்று பெயர். பாவம், எவ்வளவு அழகாக வந்தாலும் அது எந்தக் காரிலும் ஏறாது. ஆனால் அதை நம்பித்தான் மற்றது எல்லாம். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும்.

எனக்கு வயது முப்பத்திரண்டு. நைட் ஷிப்ட் பார்த்துப் பார்த்துக் கண் இரண்டும் உள்ளே போய்விட்டது. போன தடவை பெண் பார்க்க வந்தவர்கள் காபியை ரசித்துக் குடித்துவிட்டு, பெண்ணுக்கு ஏதாவது சீக்கு உண்டா என்று என் அம்மாவைத் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். தெரிந்திருந்தால் சர்க்கரையாவது போடாமல் கொடுத்திருப்பேன். அன்றைக்கு ரொம்ப அழுதேன் மேடம். அடுத்த வரன் காசிராஜன், தெற்கத்திக்காரர்தான், பென்னலூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. ஸ்ரீபெரும்புதூர்க் கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பதாகப் பேச்சு. அதற்குள் இந்தக் குழியை நிரப்பிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

கண்ணுக்குக் கீழே குழியை நிரப்புகிற ஃபில்லர் ஊசி போட சென்னையில் ஒரு கிளினிக்கில் விசாரித்தேன். அவர்கள் சொன்ன விலையைக் கேட்டு, கண்ணுக்கா வீட்டுக்கா என்று கேட்டுவிட்டேன். பிறகு வீடியோ பார்த்தேன். மெல்லிய ஊசி, ஜெல், நிதானமான கை. இதைத்தானே நாள் முழுக்கச் செய்கிறோம் என்று தோன்றியது. ஆனால் எடுத்த எடுப்பில் என் கண்ணில் போட்டுக்கொள்ள நான் பைத்தியமா. எதற்கும் ஒரு முறை இருக்கிறது.

சந்திரலேகாவுக்குக் குழியே கிடையாது. அதை ஒத்துக்கொள்கிறேன். அவளும் நைட் ஷிப்ட்தான், ஆனால் வந்து படுத்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். அதனால் குழி இருக்கிறது என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். பவுடர் போடும்போது, “ஏட்டி, கண்ணுக்குக் கீழ எவ்ளோ போட்டாலும் உள்ள போயிருதே” என்பேன். அவள் சிரிப்பாள். அவளுடைய அண்ணனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். நாத்தனார் முடிச்சுப் போட மேடையில் நிற்கவேண்டியவள் அவள். “போட்டோக்காரன் ஒனக்குன்னு தனியா ஒரு லைட்டு கொண்டாரணும்ட்டி” என்றேன் ஒருநாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். அதற்கப்புறம் நான் கேலி செய்யவேண்டிய தேவையே இருக்கவில்லை. இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா யக்கா என்று அவளே வந்து நின்றாள். கேட்டது அவள்தான். இதைக் கொஞ்சம் கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

சென்னையில் இருக்கும் என் நர்ஸ் சிநேகிதி கொடுத்த மருந்து என்று சொன்னேன். எனக்கு அப்படி யாரும் இல்லை. லைனிலிருந்து எடுத்துவந்த ஹெட்லைட் ஜெல்தான். அந்த டின்மேல், தோலில் படக் கூடாது என்று படம் போட்டிருக்கும். நாங்களே கையுறையோடுதான் தொடுவோம். ஆனால் தோலின் மேலே படக் கூடாது என்றுதான் இருந்தது. உள்ளே போவதைப் பற்றி ஒன்றும் இல்லை.

இடது கண்ணுக்குக் கீழே மட்டும் போட்டேன். மறுபக்கம் பிறகு பார்க்கலாம் என்றேன். பயமாக இருக்கிறதா என்று கேட்டதற்கு, உங்கள் கை இருக்கும்போது என்ன பயம் என்றாள். அப்படி ஒரு நம்பிக்கை அவளுக்கு.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் சிவந்தது, அரித்தது, தோலுக்கு அடியில் கடுகு கடுகாய்த் தட்டியது, கடைசியில் கண் இமை பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. கம்பெனி வாசலில் முகத்தைக் காட்டித்தான் உள்ளே போகவேண்டும். அந்த மெஷின் அவளை யாரென்றே தெரியாது என்றது. “இன்னாம்மா, மெஷினுக்கே உன்ன அடையாளம் தெர்லயா?” என்று சாம்சன் சிரித்தார். நானும் சிரித்தேன். அவளும் சிரிக்கப் பார்த்தாள், வீக்கம் விடவில்லை.

லீவு சொல்ல வைத்து அறையிலேயே படுக்கவைத்தேன். ஐஸ் வைத்தேன், மெடிக்கலில் அலர்ஜி மாத்திரையும் ஒரு களிம்பும் வாங்கி வந்தேன், கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, எங்கே கெட்டி, எங்கே இளக்கம், சிவப்பு எதுவரை இறங்கியிருக்கிறது என்று விரலால் அழுத்திப் பார்ப்பேன். பெற்ற தாய்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்றாள். போனால் கத்தி வைப்பார்கள், தழும்போடு மேடை ஏறுவாயா என்று கேட்டேன். கல்யாண மேடையைச் சொன்னால் அவள் அடங்கிவிடுவாள்.

தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்கு வந்த தாயாரம்மாள் எட்டிப் பார்த்துவிட்டாள். “இன்னாடி, மூஞ்சி இப்டி கீது? டாக்டராண்ட இட்னு போ” என்றாள். குளவி கொட்டிவிட்டது என்றேன். “எந்தக் குளவிடி இத்தினி நாளா கொட்டிகினே கீது?” என்று கேட்டாள். அந்த அம்மாவுக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இடது பக்கம் அப்படி ஆன பிறகும் வலது பக்கம் ஏன் போட்டாய் என்கிறீர்கள். முதல் பீஸ் ரிஜெக்ட் ஆனால் லைனை மூடிவிட்டு வீட்டுக்கா போகிறோம்? அளவைக் குறைத்து இன்னொன்று போட்டுப் பார்ப்போம். அந்த ஞாயிற்றுக்கிழமை காசிராஜன் வீட்டார் கோயிலுக்கு வருவதாக இருந்தது. அதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும். வீக்கத்தைக் கரைக்கிற ஊசி என்று அவளிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னால ஒங்களுக்கு எவ்ளோ செரமம் யக்கா” என்றாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே கலங்கியது மேடம்.

வலதும் வீங்கியது. காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. சனிக்கிழமை அவள், “யக்கா, இடது கண்ணுல கருப்பா தெர போட்டாப்புல இருக்கு. ஒங்க மொகம் தெரியல” என்றாள். அப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்தேன். இதை நான் போட்டுக்கொள்ளக் கூடாது.

மறுநாள் காலை அவள் தலைமாட்டில் தண்ணீர்ச் செம்பை வைத்தேன். யாரும் வந்து தொந்தரவு செய்யக் கூடாதே என்று கதவை வெளியே பூட்டினேன். இருக்கிற முகத்தோடு கோயிலுக்குப் போனேன். காசிராஜனைப் பார்த்தால் அவருக்கும் கண்ணுக்குக் கீழே இரண்டு குழி, என்னுடையதைவிட ஆழம். “எனக்கும் நைட் ஷிப்ட்தான். கல்யாணத்துக்கு லீவு போட்டுத் தூங்கிருவோம்” என்றார் மெதுவாக. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் ஒருநாளும் இருந்ததில்லை. பெரியவர்கள் அங்கேயே நிச்சயத்துக்கு நாள் பார்த்தார்கள். அவளுக்கும் சேர்த்துப் பிரசாதம் வாங்கிக்கொண்டு வந்தேன். வந்தால் பூட்டு உடைந்து கிடக்கிறது. தாயாரம்மாள் முனகல் கேட்டு, பூட்டை உடைத்து, அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தாள். பூட்டு என்னுடையது, பரவாயில்லை.

இடது கண் இனி வராது என்கிறார்கள், வலது பிழைத்தால் அதிர்ஷ்டம் என்கிறார்கள். நீங்கள் சொன்னபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. நல்ல பெண்.

காசிராஜன் நான் போன் போட்டால் எடுக்கவில்லை. நைட் ஷிப்ட் போலிருக்கிறது. எங்கே கையெழுத்துப் போடவேண்டும்? அதற்கு முன்னால் ஓர் உதவி மேடம். கோயிலில் நடந்ததை அவளிடம் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நீங்களே சொல்லிவிடுங்கள், அக்காவுக்கு ஒன்றும் போடாமலே மாப்பிள்ளை அமைந்துவிட்டது என்று. கேட்டால் முதலில் சந்தோஷப்படுகிறவள் அவளாகத்தான் இருப்பாள்.