முள் எடுத்தவள்

திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் வேலூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். டிரங்குப் பெட்டியோடு நின்ற ஓர் இளம்பெண், பக்கத்திலிருந்த அம்மாளிடம் திடீரென்று கேட்டாள்:

"உங்க கால் எப்படி இருக்குதுங்க?"

"யாரும்மா நீ?"

"தீபத்தன்னிக்கு மலை சுத்துறப்போ, அடி அண்ணாமலை முதலுதவிக் கொட்டாயில உங்களுக்கு முள்ளு எடுத்தேனே. நான் குனிஞ்சதும் தலையில கை வெச்சு ஆசீர்வாதம் பண்ணிட்டீங்க."

"அட, நீயா! நீ என் கால்ல விழறேன்னு நெனச்சுட்டேன்மா."

"அதுவரைக்கும் கை நடுங்கிக்கினே இருந்துச்சுங்க. அப்புறம் நடுங்கல. நெறைய பேருக்குக் கட்டு போட்டேன். இப்ப நர்ஸ் படிப்புல சேரப் போறேன்."

பஸ் வந்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இந்த முறை ஆசி வாங்கவே குனிந்தாள்.

அம்மாள் செருப்பைக் கழற்றி உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினாள்.

"நல்லா ஆறிடுச்சும்மா, பாரு."