எட்டு மணி வரை வாக்குப்பதிவு

ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள், ஐயா. லிண்டன் மரம் பூத்துவிட்டது, இந்த வாசனை வருடத்தில் பத்து நாள்தான். வக்கீல் வேண்டாம். அணைக் காவலாளி ஸ்தாமோவுக்குத் திங்கட்கிழமை தீர்ப்பு, பத்து வருடம் போட்டுவிடுவார்கள் என்கிறார்கள். அதற்குள் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

நான் ஓக்னியான் த்ஸேகோவ். போன நவம்பர் வரை இந்த ஊர்த் துணை மேயர். இங்கே இரண்டு கட்சி உண்டு, உங்களுக்கே தெரியும். காசு தின்றாலும் வேலை நடந்தால் சரி என்பது எதிர்க்கட்சிக்காரர்களின் வேதம். அவர்கள் காலத்தில் சாலை வந்தது. சாலையோடு ஒப்பந்தக்காரர் கீரோவுக்கு மூன்று மாடி வீடும் வந்தது. கேட்டால், தேன் எடுத்தவன் புறங்கையை நக்கமாட்டானா என்பார்கள். நாங்கள் கை சுத்தம் என்று சொல்லி ஜெயித்தவர்கள். எங்கள் மேயர் வெலிஸ்லாவ் அலுவலகப் பேனாவைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டார். ஆனால் இளகிய மனசு. அதனால் கண்டிப்பை நான் வைத்துக்கொண்டேன். டெண்டர் இல்லாமல் ஓர் ஆணிகூட வாங்க விட்டதில்லை.

தேர்தலுக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது ஸ்தாமோ ஒரு காகிதம் எழுதிக் கொண்டுவந்தார். மலைமேல் இருக்கும் அணையின் மதகு துருப்பிடித்து அசையவில்லை, மண்கரையின் அடியில் நீர் கசிகிறது, பக்கத்தில் ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை இறக்காவிட்டால் கீழே லெஸ்கோவ் கிராமம் தாங்காது என்று எழுதியிருந்தார். வெட்டுகிற இயந்திரம் இந்த வட்டாரத்தில் கீரோவிடம் மட்டும்தான். டெண்டர் போட்டால் முப்பது நாள் ஆகும்.

மறுநாள் கீரோவே வந்தார்.

“யோவ் ஓக்னியான், டெண்டரத் தூக்கி ஓரமா வையி. ஒரு நாள் வேலைய்யா. ஓசியிலேயே வெட்டித் தர்றேன்.”

“உனக்கு என்ன அக்கறை?”

“என் மாமியா அந்த ஊர்லதான் இருக்கா. கெழவி மேல எனக்கு ஒண்ணும் பாசமில்ல, அவ காய்ச்சுற ராக்கியா சாராயத்து மேல இருக்கு.”

“ஓசியில வாங்கினா அதுக்குப் பேரு லஞ்சம், கீரோ.”

“அப்ப நீ கையக் கழுவிக்கிட்டே இரு. ஊரு எப்படிப் போனா உனக்கென்ன.”

அவசரம் என்றால் டெண்டர் இல்லாமலே செய்யலாம் என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவு வழியாகத்தான் கீரோவின் மூன்று மாடியும் எழும்பியது. தேர்தல் நேரத்தில் அவருடைய இயந்திரம் எங்கள் அணையில் நின்றால், எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டை என்று ஊர் சிரிக்கும். முறைப்படி டெண்டர் அறிவித்தேன். ஸ்தாமோவின் காகிதத்தை மேயரிடம் காட்டவில்லை. காட்டினால் இளகிவிடுவார்.

வாக்குப்பதிவு ஞாயிற்றுக்கிழமை. மூன்று நாளாக மழை. மலையில் செல்போன் எடுக்காது. அணைக்கும் நகராட்சிக்கும் ஒரு பழைய நேர்க்கம்பி போன்தான். பகல் ஒரு மணிக்கு ஸ்தாமோ அதில் கூப்பிட்டார்.

“சார், தண்ணி கரைய மீற இன்னும் ரெண்டு சாண்தான் இருக்கு. சங்கு ஊதச் சொல்லுங்க. ஊரக் காலி பண்ணிடலாம்.”

“எட்டு மணிக்கு வாக்குப்பதிவு முடிஞ்சிடும், ஸ்தாமோ. அப்புறம் ஊதச் சொல்றேன்.”

“எட்டு வரைக்கும் தண்ணி காத்திருக்குமா சார்? அதுக்கென்ன ஓட்டா இருக்கு?”

லெஸ்கோவில் ஐந்தில் நான்கு ஓட்டு எதிர்க்கட்சிக்கு. பட்டப்பகலில் சங்கு ஊதி அந்த மக்களை வாக்குச்சாவடியிலிருந்து நாங்களே விரட்டினால் அதற்கு என்ன பெயர்? நீங்களே மோசடி என்று வழக்கு எழுதியிருப்பீர்கள். கீழே இறங்கிப் பீதி கிளப்பக்கூடாது, பணியிடத்தை விட்டு நகர்ந்தால் குற்றம் என்று ஸ்தாமோவிடம் சொன்னேன். கீழ்ப்படிந்த மனிதர், நகரவில்லை. இன்னும் இரண்டு முறை கூப்பிட்டார். ஐந்து இருபதுக்குக் கரை போயிற்று.

ஒன்பது பேர். அதில் நான்கு பேர் ஓட்டுப் போட வரிசையில் நின்றவர்கள். கீரோவின் மாமியாரும் அதில் ஒருவர், வீட்டிலேயே இருந்தார். அதுவரை எழுபத்தொரு சதவீதம் பதிவாகியிருந்தது. யாரும் யாரையும் தடுக்கவில்லை.

ஒரு மாதத்தில் மறு வாக்குப்பதிவு என்றார்கள். அந்த நேரத்தில் உண்மையைச் சொன்னால் திருடர்கள் திரும்பி வந்துவிடுவார்கள். ஆகவே, அணையிலிருந்து எனக்கு அழைப்பே வரவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். ஸ்தாமோ கூப்பிட்டேன் என்றார், காகிதம் கொடுத்தேன் என்றார், அழுதார். யாரும் நம்பவில்லை. ஊரில் என் பேச்சுக்கு அப்படி ஒரு மதிப்பு. அவரை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. திருடர்கள் எப்படியும் வந்துவிட்டார்கள். அவருடைய காகிதத்தை நான் கிழிக்கவில்லை, அரசாங்கக் காகிதத்தை அழிப்பது குற்றம். இதோ, வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு மாதம் ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். சட்டம் தன் வேலையைச் செய்யும் என்று இருந்தேன். ஆனால் புதன்கிழமை பத்திரிகையைப் பார்த்தீர்களா? அந்த வாய்க்கால் வேலை கீரோவுக்குக் கிடைக்காமல் தடுக்க வேறொரு ஒப்பந்தக்காரரிடம் நான் இருபதாயிரம் லெவா லஞ்சம் வாங்கினேனாம். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்பது சாவும் என்னால்தான். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மூன்றாவது பத்தியில் ‘ஆதாயம் பெற்று’ என்று டைப் அடித்திருக்கிறீர்களே, அந்த இரண்டு வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள். நாளைக்கு இந்த ஊரில் நான் தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா?