பெண் பார்க்க வந்தவரின் கணக்கு

அறுபதுகளின் கடைசியில் ஒரு காலை. பம்பாய் மாதுங்காவில் பால் பூத் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மாமி, பக்கத்து வீட்டு மாமியிடம் குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்:

"பொண்ணு பாக்க வந்த பையனோட கணக்கு தப்புன்னுட்டா எங்க வசந்தா."

"என்ன கணக்கு மாமி?"

"தலைமுடி மாதிரி கண்ணாடி இழை. அதுக்குள்ள வெளிச்சம் பல தினுசா போகுமாம். ஒவ்வொரு தினுசுக்கும் ஒரு ஃப்ரீக்வென்சி எல்லை உண்டு. அதுக்குக் கீழே போனா உள்ளே தங்காம கசிஞ்சுடும். அந்த எல்லையைக் கணக்குப் போட்டுட்டேன்னு பஜ்ஜியைக் கடிச்சுண்டே பெருமை அடிச்சுண்டான்."

"இவ?"

"'உங்க கண்ணாடி இழையோட தன்மை நடுவுலேந்து ஓரம் வரைக்கும் மாறிண்டே போறது. நீங்க முழுக்க ஒரே மாதிரின்னு வெச்சுண்டு போட்டிருக்கேள்'னா. எம்.எஸ்ஸி. படிச்சவளாச்சே!"

"போச்சு, சம்பந்தம் அவ்வளவுதான்."

"அவன் அம்மா சொஜ்ஜியைத் தொடவே இல்லை. ஆனா நேத்திக்கு அவன் மட்டும் முலுண்ட்லேந்து லோக்கல் ரயில் பிடிச்சு வந்தான், புதுசா கணக்குப் போட்டு எடுத்துண்டு."

"அப்பாடா! வசந்தா என்ன சொன்னா?"

"இன்னும் தப்புன்னா."

"ராமா!"

"என்ன ராமா? இன்னிக்கும் வரேன்னுட்டுப் போயிருக்கான். உங்க பால் கார்டுல ஒரு பாட்டில் எனக்கு விட்டுக் குடுங்கோ, காபிக்கு வேணும்."