எண்ணூரின் பெயர்கள் எண்ணூரிலேயே இருக்கும்

எனக்குப் பத்து நிமிடம் என்று கறாராக அளந்து கொடுத்திருக்கும் தலைவர் செல்லம்மா அக்கா அவர்களே, ஷிப்ட் முடித்துக் கிரீஸ் கையோடு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையை முந்திப் பிடித்த தாய்மார்களே, இடமின்றிச் சுவரில் சாய்ந்து நிற்கும் தோழர்களே, வணக்கம்.

நான் மதி. நம் ஒப்பந்தத் தொழிலாளர் சங்கத்தின் கணினிகளைப் பார்ப்பவள்.

ராயபுரம் கிளைக்கு ஒரு சர்வர், அதாவது பதிவுகளை வைத்திருந்து கேட்டால் சொல்லும் கணினி. எண்ணூர் கிளைக்கு ஒரு சர்வர். அந்தந்த ஊர் உறுப்பினர்களின் பதிவு அந்தந்த ஊரில். ராயபுரம் கன்டெய்னர் யார்டு வாசலில் உள்ள கணினி ராயபுரத்து சர்வரை மட்டும் கேட்கும். பெயரும் பயிற்சி முடித்த தேதியும் இருந்தால் உள்ளே விடுவார்கள்.

போன மாதம் எண்ணூர் வேம்பு அண்ணன் அந்த வாசலுக்கு வேலைக்கு வந்தார். இருபது வருடம் கிரேன் கொக்கி மாட்டியவர். வாசல் காவலர் கணினியைத் தட்டிப் பார்த்தார்.

"உன் பேரு இதுல இல்ல நைனா."

"நான் இங்கதானே நின்னுகினு கீறேன். என் பேரு எங்க பூட்ச்சு?"

எங்கும் போகவில்லை. எண்ணூரில் இருந்தது. ராயபுரத்துக்கு எண்ணூரைக் கேட்கத் தெரியவில்லை.

யார்டுக்கு நம்மை வேலைக்கு எடுக்கும் ஒப்பந்ததாரர்கள் வழி சொன்னார்கள். எல்லாப் பதிவையும் எங்களிடம் கொடுங்கள், ஒரே இடத்தில் வைத்துக்கொள்கிறோம். வைத்துக்கொள்வார்கள். முகவரியோடு, போன் நம்பரோடு, போன வருடப் போராட்டத்தில் கைதானவர் யார் என்ற குறிப்போடு. பிறகு யாரை வாசலில் நிறுத்துவார்கள்?

என்ன தீனா, சுவரோரமிருந்து ஏதோ கேட்கிறாய்? "காப்பி குடுத்தா இன்னா ஆவும்"? கொடுத்த காப்பி திரும்பி வராது. அதுதான் ஆகும்.

நாங்கள் இணைப்புப் போட்டோம். ராயபுரத்து சர்வர் தன்னிடம் இல்லாத பெயருக்கு எண்ணூரைக் கேட்கும். வந்த பதிலை வாசலுக்குச் சொல்லும். பெயர் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஒரு தவறும் செய்தேன். அந்த இணைப்பு எண்ணூருக்குள் நுழைய ஒரு பயனர் கணக்கு வேண்டும். சீக்கிரம் முடியட்டும் என்று எல்லா அதிகாரமும் உள்ள கணக்கையே கொடுத்துவிட்டேன். எண்ணூர்ச் செயலாளர் பக்தவச்சலம் அண்ணன் திரையைப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஒரு பேரு கேக்கத்தானே வர்றே? பீரோ சாவி எதுக்கு உனுக்கு?"

கூசிப்போனேன். உடனே மாற்றினேன். இணைப்புக்கென்று தனிக் கணக்கு. கேட்கலாம், திருத்த முடியாது. பெயர், பயிற்சித் தேதி இரண்டு மட்டுமே கண்ணில் படும். மறுநாள் வேம்பு அண்ணன் உள்ளே போனார்.

இப்போது ஒப்பந்ததாரர்களிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. நாளைக் காலைக்குள் முழுப் பட்டியல் தராவிட்டால் வாசலில் நம் சர்வரையே கேட்க மாட்டார்களாம்.

கேட்காமல் இருக்கட்டும். கொக்கி மாட்டுவது கடிதமா? கன்டெய்னர் இறக்குவது கையெழுத்தா? ஒவ்வொரு பெயராகக் கேட்டால் சொல்வோம். ஓராயிரம் முறை கேட்டாலும் சொல்வோம். ஒட்டுமொத்தமாக அள்ளவா? விடமாட்டோம்.

அக்காவின் மேசையில் தீர்மானம் இருக்கிறது. ஒரே வரி: பட்டியல் தர மறுக்கிறோம். கீழே முதலில் நான் எழுதியிருக்கிறேன். என் முழுப் பெயர், என் தெரு, என் போன் நம்பர். விரும்பியவர்கள் வந்து எழுதுங்கள். நம்மிடமிருந்து அவர்களுக்குப் போகும் பட்டியல் இது ஒன்றுதான்.

பொறுமையாகக் கேட்டீர்கள், நன்றி. பேனா இங்கே இருக்கிறது. வணக்கம்.